அண்ணன் தங்கை வழக்குகள்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஜட்ஜாக இருந்தவர் என்றதும் ஏதாவது கொலை வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் முன்சீப்பாகச் சேர்ந்து, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று போய், 60 வயதில் ஓய்வு பெற்ற எனக்கு அதிகம் நினைவில் நிற்பது கொங்குப் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்குகள்தான்.

நான் சேர்ந்தபோது, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் புதிது. பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு, ஆனால் அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்குச் சமபங்கு இல்லை, தங்கைக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகையெல்லாம் சான்றாவணமாக வரும்! 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டம் அக்காவையும் சேர்த்துக்கொண்டது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையோடு நின்றிருந்த வழக்குகளில்கூடப் பங்கைத் திரும்பக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் வந்த அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அடுத்த சண்டை. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது ஓய்ந்தது.

சட்டம் இப்படி மாறிக்கொண்டே இருக்க, கூண்டில் ஏறிய அண்ணன்மார் சொன்னது மட்டும் மாறவேயில்லை. "பவுன் போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தமுங்க, அப்புறம் காட்டுல என்னங்க பாகம்?" சீர் செய்துவிட்டதால் பங்கு போய்விடாது என்பது அவர் வக்கீலுக்கும் தெரியும், இருந்தாலும் குறுக்கு விசாரணையில் தங்கையிடம் எத்தனை பவுன் என்று கேட்காமல் விடமாட்டார். அது எடுபடாவிட்டால், அப்பா காலத்திலேயே வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டோம் என்று யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய, பதிவாகாத கூர்ச்சீட்டு ஒன்று வெளியே வரும்.

மருமகன் தூண்டிவிட்டதுதான் என்று ஊரில் பேசுவார்கள், சில வழக்குகளில் அது உண்மையும்கூட. ஆனால் வழக்குப் போடாமல், மாமன் சீர் நின்றுவிடுமே என்று பயந்து பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர், அவர்கள் கோர்ட்டுக்கே வரவில்லை, அதனால் எங்கள் கணக்கிலும் இல்லை.

ஜெயித்தவர்களுக்கும் உடனே நிலம் கிடைப்பதில்லை. கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு போய் அளக்க வேண்டும், தடத்தை ஒட்டிய பக்கம் யாருக்கு என்று இழுபறி. கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது, மோட்டார் ஓட்ட முறை வைக்க வேண்டும். திருப்பூரில் குடியிருக்கும் தங்கை அந்த முறையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பெரும்பாலும் அண்ணனுக்கே விற்றுவிடுவார், அதற்கும் லோக் அதாலத் என்ற சமரச மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து விலை பேச வேண்டும்.