பத்து வசனம், விளக்கம் கூடாது

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் பைபிளுக்கு இடம் உண்டா என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பைபிளில் வரும் எஸ்தர் கதையை வைத்தே பேசிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அரசுப் பள்ளிகளில் தினமும் காலையில் பைபிளிலிருந்து குறைந்தது பத்து வசனம் வாசிக்க வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது. 1956-இல் எல்லரி ஷெம்ப் என்ற மாணவர் இதை எதிர்த்து அந்த நேரத்தில் குர்ஆனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1963-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. பைபிளை இலக்கியமாகவோ வரலாறாகவோ பாடத்தில் படிக்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, எஸ்தருக்கு வருவோம். பாரசீக ராஜாவின் மனைவியான யூதப் பெண் அவள். அவள் பெயரில் உள்ள புத்தகத்தில் மொத்தம் 167 வசனம். நாளுக்குப் பத்து என்றால் 17 நாள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், பத்தாம் நாள் எங்கே போய் நிற்கிறது என்று.

யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட மந்திரி ஆமான், எஸ்தரை வளர்த்த மொர்தெகாயைத் தொங்கவிட ஐம்பது முழ மரத்தைத் தயார் செய்துவிட்டான். அன்று ராத்திரி ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்க நிகழ்ச்சிக் குறிப்பான நாளாகமத்தை வாசிக்கச் சொல்கிறார். தன் உயிரைக் காப்பாற்றிய மொர்தெகாய்க்கு ஒரு மரியாதையும் செய்யவில்லை என்று தெரிகிறது. அந்த நேரம் பார்த்து, மொர்தெகாயைக் கொல்ல அனுமதி கேட்க ஆமான் வந்து நிற்கிறான். "ராஜா கனம்பண்ண விரும்புகிற மனுஷனுக்கு என்ன செய்யலாம்?" என்று ராஜா கேட்கிறார். நம்மைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ராஜ உடை, ராஜாவின் குதிரை, வீதியில் ஊர்வலம் என்று அடுக்குகிறான் ஆமான். நூறாவது வசனம் அங்கே முடிகிறது! "அப்படியே மொர்தெகாய்க்குச் செய்" என்பது 101. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கம் கூடாது என்றால் எந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கும்? யூதர்கள் தப்பித்ததைக் கொண்டாடும் பூரிம் பண்டிகையில் இந்த எஸ்தர் சுருளை வாசிக்கும்போது, ஆமான் பெயர் வந்தாலே யூதப் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றித் தரையை உதைக்கிறார்கள்.

இன்னொன்று. எபிரெய மூலத்தில் கடவுள் பெயரே வராது. கிரேக்க மொழிபெயர்ப்பில் ஜெபங்கள் சேர்ந்திருக்கின்றன. கத்தோலிக்க பைபிளில் அவை இன்றும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நான் படித்த ஞாயிறு பள்ளியில் ஆமானைத் தூக்கில் போட்டதும் கதை முடிந்துவிடும். அப்புறம் ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறது: யூதர்கள் 75,000 பகைவர்களைக் கொன்றதாக. ஆனாலும் கொள்ளையில் கைவைக்கவில்லை என்று அதே அதிகாரம் மூன்று முறை சொல்கிறது. ஏன் மூன்று முறை? அதற்கு மட்டும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள்.