நூறு ரூபாய்க்குப் போடுங்க

(பட்டிமன்றத் தலைப்பு: எரிபொருள் விலை ஏறினால் குடும்பம் பெரிதும் வாடுவது பெட்ரோல் பங்கிலா, கடைத்தெருவிலா? “பங்கிலேயே” என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இரண்டு வாதங்களை வைத்தார். டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், வாடகை ஏறினால் உப்பு முதல் கற்பூரம் வரை ஏறும் என்றார். வண்டியே இல்லாத வீட்டிலும் வெங்காயம் உரிக்கிறார்கள், ஆகவே கடைத்தெருதான் எல்லாரையும் சுடுகிறது என்றார். கைதட்டலும் விழுந்தது. ஆனால் கிலோவுக்கு எத்தனை காசு ஏறும் என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தக் கணக்கை நான் போடுகிறேன், நடுவர் அவர்களே. பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் நினைவிருக்கிற ஒரு காலத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மே மாதம் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாய் சொச்சம், டீசல் 68 ரூபாய் சொச்சம். 2021 ஜூலை தொடக்கத்தில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. டீசல் 93 ரூபாயைத் தாண்டி நின்றது. பதினான்கு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய 25 ரூபாய் ஏறின. இரண்டும் ஒரே அளவு ஏறியதால் ஒப்பிட இதைவிடத் தோதான காலம் கிடைக்காது.

முதலில் எதிரணியின் லாரி. நாசிக்கில் வெங்காயம் ஏற்றிச் சென்னைக்கு வருகிற 10 சக்கர லாரி. தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். லோடு 18 டன். லோடோடு ஓடும்போது லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 325 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டருக்கு 25 ரூபாய் ஏறினால் ஒரு நடைக்குக் கூடுதல் 8,125 ரூபாய். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. அதை 18,000 கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு 45 காசு. ரிட்டன் லோடு கிடைக்காமல் லாரி காலியாகத் திரும்புகிறது, அந்த டீசலையும் வெங்காயத்தின் தலையிலேயே கட்டுகிறார்கள் என்று வையுங்கள். காலி வண்டி குறைவாகத்தான் குடிக்கும், ஆனாலும் எதிரணிக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று இரட்டிப்பாக்குகிறேன். 90 காசு.

கோயம்பேட்டிலிருந்து தெருக்கடைக்குச் சின்ன யானை என்கிற குட்டி லோடு வண்டியில் போக வேண்டும். போக வர 50 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கொடுத்தால் மூன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல். கூடுதல் செலவு 83 ரூபாய், ஏற்றுவது 700 கிலோ, ஆக கிலோவுக்கு 12 காசு. மொத்தம் 1 ரூபாய் 2 காசு.

நாலு பேர் உள்ள வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, சர்க்கரை எல்லாம் சேர்த்து மாதம் 100 கிலோ வாங்குவார்கள். அத்தனையும் நாசிக் தூரத்திலிருந்தே வருகிறது என்று வைத்தாலும் மாதத்துக்கு 102 ரூபாய். உண்மையில் காய் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் வருகிறது, பால் இன்னும் பக்கத்திலிருந்து வருகிறது.

இப்போது பங்குக்கு வருவோம். செங்குன்றம் பக்கமிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர். உள்தெருச் சுற்றெல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 15 கிலோமீட்டர், நாளைக்கு 30, மாதம் 26 நாள், 780 கிலோமீட்டர். நூறு சிசி வண்டி சிக்னலில் நின்று நின்று ஓடினால் லிட்டருக்கு 45 கொடுக்கும். மாதம் பதினேழேகால் லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 75-ஆக இருந்தபோது 1,300 ரூபாய். நூறானபோது 1,733 ரூபாய். வித்தியாசம் 433 ரூபாய்.

கடைத்தெருவில் 102, பங்கில் 433. சந்தையில் கமிஷன் மண்டிக்காரர், சில்லறைக்காரர் எல்லாம் சதவீதக் கணக்கில் மேலே மேலே ஏற்றுவார்கள் என்று எதிரணி எழுந்து சொல்லலாம். சரி, 102-ஐ இரட்டிப்பாக்குங்கள், 204. இன்னொரு முறை இரட்டிப்பாக்கினாலும் 408. அப்போதும் பங்கை எட்டவில்லையே நடுவர் அவர்களே!

காரணம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுதான். லாரி 325 லிட்டரில் 18,000 கிலோவைச் சுமக்கிறது, செலவு அத்தனை கிலோவுக்கும் பிரிந்துபோகிறது. டூவீலர் சுமப்பது ஒரே ஒரு ஆளை. அதோடு, லாரிக்காரருக்கு ஏறியதை லாரிக்காரர் கொஞ்சம் தாங்குகிறார், மண்டிக்காரர் கொஞ்சம் தாங்குகிறார், கடைக்காரர் கொஞ்சம் தாங்குகிறார், மிச்சம்தான் நம்மிடம் வருகிறது. பங்கில் மட்டும் பங்கு போட ஆளில்லை.

பங்கில் நடப்பதைச் சற்றுக் கிட்டே நின்று பாருங்கள். டேங்கை நிரப்புகிறவர்கள் ஒரு வகை. “நூறு ரூபாய்க்குப் போடுங்க” என்கிறவர்கள் இன்னொரு வகை, நாளும் வாரமும் கூலி வாங்குகிற பலர் இந்த வகை. பம்பின் முகப்பில் மூன்று எண்கள் ஓடும்: விலை, லிட்டர், தொகை. தொகை எப்போதும் 100-தான். 75 ரூபாய் விலையில் லிட்டர் என்ற இடத்தில் 1.33 என்று நின்றது. வண்டி 60 கிலோமீட்டர் ஓடியது, இரண்டு நாள் வேலைக்குப் போய்வர ஆயிற்று. நூறு ரூபாய் விலையில் 1.00 என்று நிற்கிறது. 45 கிலோமீட்டர், ஒன்றரை நாள். கையிலிருந்து போகிற நோட்டு அதே நோட்டு. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வருகிறபோது வண்டி ரிசர்வில் இழுக்கிறது. திரும்ப நூறு ரூபாய் எடுக்க வேண்டும், அந்த நூறு வேறெதற்கோ வைத்தது.

அடுத்து நடப்பதை மெக்கானிக் கடையில் கேட்டுப் பாருங்கள். பெட்ரோலைத் தள்ளிப்போட முடியாது, ஆகவே ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். ஆயில் கறுத்து வழவழப்பு இழந்தால் எஞ்சின் சூடேறி இறுகும். ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து, கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகம் இழுக்கும். செயின் காய்ந்தாலும், டயரில் காற்று குறைந்தாலும் அதே கதி. 45 கொடுத்த வண்டி 38-க்கு வந்து நிற்கும். அப்போது அதே 780 கிலோமீட்டருக்கு இருபதரை லிட்டர் வேண்டும், மூன்று லிட்டர் கூடுதல். ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயைப் பெட்ரோல் ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

விலைப் பலகையில் எழுதாத ஏற்றம் ஒன்றும் இருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய டூவீலர்களுக்கு இதனால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. மாதம் பதினேழு லிட்டர் போடுகிறவருக்கு அது அரை லிட்டருக்கு மேல், ஐம்பது ரூபாய்க்கு மேல். மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதை உறிஞ்சிக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் எடுப்பது அடியிலிருந்துதான், காலையில் வண்டி உதைத்து உதைத்தும் எழாது. கார்புரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தைக் கழுவினால்தான் ஓடும். இந்தச் செலவு எந்த மளிகைக் கடை ரசீதிலும் வராது.

வண்டியே இல்லாத வீடு என்றாரே நண்பர், அந்த வீட்டையும் பார்ப்போம். வண்டி இல்லாதவர் பஸ்ஸில் போகிறார். தமிழக அரசுப் பஸ் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்ந்தது. டீசல் 25 ரூபாய் ஏறிய அந்தப் பதினான்கு மாதத்தில் டிக்கெட் ஒரு காசும் ஏறவில்லை, ஏற்றத்தைப் போக்குவரத்துக் கழகம் தாங்கிக்கொண்டது. அதுமட்டுமா, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ரேஷன் அரிசி எந்த ஊரிலிருந்து லாரியில் வந்தாலும் விலை கிடையாது. இந்த மாநிலத்தில் கடைத்தெருப் பக்கமும் பஸ் பக்கமும் குடும்பத்துக்குக் குடை பிடிக்க யாரோ இருக்கிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் வீடு திரும்புகிறவருக்குக் குடை பிடிக்க யார் இருக்கிறார்கள்?

சந்தை விலையை டீசல்தான் ஆட்டுகிறது என்றால் டீசல் இறங்கும்போது சந்தையும் இறங்க வேண்டும் அல்லவா? 2021 நவம்பர் 4-ஆம் தேதி மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. டீசல் அவ்வளவு இறங்கிய அதே நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மழை கொட்டித் தோட்டம் அழுகியது, கோயம்பேட்டுக்கு வரத்து சுருங்கியது. டீசல் இறங்கி என்ன பயன்? காய் விலையை ஆட்டுவது வரத்து. அதில் டீசலின் பங்கு எத்தனை காசு என்று மேலே பார்த்துவிட்டோம்.

ஒரு இடத்தில் எதிரணிக்கு இடம் கொடுக்கிறேன். விலை குறைவாகவும் எடை அதிகமாகவும் உள்ள சரக்கில் டீசல் உறைக்கும். கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் மணல் ஒரு யூனிட் நாலரை டன். 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிரஷரிலிருந்து நாலு யூனிட் ஏற்றிவர, போக வர 30 லிட்டர், கூடுதல் 750 ரூபாய், யூனிட்டுக்கு 187. வீடு கட்டுகிறவருக்கு அது வலிக்கும். ஆனால் மாதா மாதம் யாரும் வீடு கட்டுவதில்லை, மாதா மாதம் வேலைக்குப் போகிறார்கள்.

பெட்ரோலைப் போட்ட பிறகே கூலி பார்க்கிறவர்களுக்கு இன்னும் கொடுமை. வீட்டு வாசலில் சாப்பாடு கொண்டுவந்து தருகிற தம்பி நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள். நெரிசலில் லிட்டருக்கு 40, மூன்று லிட்டர். பெட்ரோல் அவர் கைக்காசு. 25 ரூபாய் ஏற்றத்தில் நாளைக்கு 75, மாதத்துக்கு 1,950 ரூபாய் போயிற்று. விடியற்காலை நாலு மணிக்கு எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு காசிமேடு போகிற மீன்காரர் ஏலத்தில் எடுக்கும் முன்பே பங்கில் கொடுத்துவிடுகிறார். மீன் விலையை ஏலமும் வாசல்படிப் பேரமும் தீர்மானிக்கின்றன, அவர் போட்ட பெட்ரோலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சென்னை ஆட்டோவுக்கு 2013 ஆகஸ்டில் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. பெட்ரோல் நூறைத் தொட்ட 2021-லும் அரசு அட்டவணை அதேதான். கேனோடு வந்து டிராக்டருக்கு டீசல் வாங்கும் விவசாயியும் இந்த வரிசையில்தான் நிற்கிறார். நெல்லுக்கு விலை வைப்பது அவரா? இவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பங்கிலேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள், கடைத்தெருவில் இறக்கிவைக்க வழியில்லை.

பெட்ரோல் மேல் வரி விழுகிற விதமும் இதற்குத் துணைபோகிறது. 2020 வசந்தத்தில் கச்சா எண்ணெய் தரைதட்டியபோது அந்த மலிவு பங்குக்கு வந்து சேரவில்லை. மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் ஏற்றியது. பெட்ரோலின் கலால் லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு ஆயிற்று. அதே மாதம் மாநில அரசும் தன் வரியைப் பெட்ரோலுக்கு 15 சதவீதமும் அதன் மேல் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்று மாற்றியது. லிட்டருக்கு இவ்வளவு என்கிற வரி, போடுகிறவர் சம்பளம் எட்டாயிரமா எண்பதாயிரமா என்று பார்க்காது. சொகுசுக் காரின் ஒரு லிட்டருக்கும் எக்ஸெல் வண்டியின் ஒரு லிட்டருக்கும் ஒரே தொகை. ரேஷனில் அட்டைக்கு அட்டை வேறுபாடு பார்க்கிறோம், பங்கில் அப்படி ஒரு அட்டை கிடையாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. அறிவிப்பு ஆகஸ்ட் 13. மறுநாளே பங்கில் விலை இறங்கியது. அம்பத்தூர்க்காரருக்கு மாதம் 52 ரூபாய், சாப்பாடு கொண்டுபோகிற தம்பிக்கு நாளைக்கு 9 ரூபாய், மாதம் 234. மண்டிக்காரர், கடைக்காரர் யார் மனமும் இளக வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டீசலில் குறைந்த 10 ரூபாய் எந்தக் காய்க்கடையில், எந்தத் தேதியில், எத்தனை காசாகக் குறைந்தது என்று எதிரணியிலிருந்து அடுத்து வருகிறவர் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.