வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"மதச் சுதந்திரத்தை ஓர் அரசு மதிக்கிறது என்பதற்குச் சான்று எது? சட்டத்தின் எழுத்தா, அரசின் நடத்தையா?" இதுதான் இன்றைய தலைப்பு. எழுத்தே என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்திருக்கிறார். 1948 டிசம்பர் 10-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவை அழகாக எடுத்துச் சொன்னார். விரும்பிய மதத்தை நம்பலாம், மாற்றிக்கொள்ளலாம், தனியாகவோ கூட்டாகவோ வழிபடலாம். எதிர்த்து ஒரு நாடுகூட வாக்களிக்கவில்லை என்றார். உண்மைதான். எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். "நடத்தை ஆட்சிக்கு ஆட்சி மாறும், எழுத்து நிற்கும்" என்று முடித்தார்.

நான் நடத்தையே என்று வாதாட வந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் என்று ஒரு வார்த்தை சொல்லி எழுத்தைத் தள்ளிவிட்டுப் போக வரவில்லை. எழுத்து நிற்கும் என்றார்களே, அது நின்ற இடத்துக்கே உங்களைக் கூட்டிப் போகிறேன்.

இலங்கை. அந்நாட்டு அரசியலமைப்பின் 9-ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அடுத்ததே 10-ஆவது உறுப்புரை: சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றில் எல்லோருக்கும் சுதந்திரம். 14-ஆவது உறுப்புரை வழிபாட்டுக்கும் அனுட்டானத்துக்கும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. நெருக்கடி நிலையிலும் மதச் சுதந்திரத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்திருக்கிறது. எழுத்தில் என்ன குறை?

2020-இல் கொரோனா வந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதி ஒரு வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, வெளியானது. கொரோனாவில் இறந்தவர் யாராக இருந்தாலும் உடலை எரிக்க வேண்டும், புதைக்கக் கூடாது. முஸ்லிம்களுக்கு ஜனாசாவை, அதாவது இறந்தவர் உடலை, நல்லடக்கம் செய்வது என்பது விருப்பப்பட்டால் செய்யும் சடங்கு இல்லை. இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் செலுத்த வேண்டிய கடமை. குளிப்பாட்டி, கபன் என்னும் வெள்ளைத் துணியால் போர்த்தி, தொழுகை நடத்தி, மண்ணில் வைக்க வேண்டும். கத்தோலிக்கரிலும் பலர் அடக்கம் செய்யத்தான் விரும்பினார்கள்.

"சுகாதாரம் காரணமாக வழிபாட்டை மட்டுப்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறதே" என்று எதிரணியில் யாராவது எழுந்து கேட்கலாம். சரி, கேளுங்கள். அந்த வர்த்தமானிக்கு முன்பே, மார்ச் மாதத்தில், உலக சுகாதார அமைப்பு வழிகாட்டுதல் தந்திருந்தது. தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை, புதைப்பதா எரிப்பதா என்பது பண்பாட்டையும் வசதியையும் பொறுத்த விஷயம் என்று அது தெளிவாகச் சொன்னது. உலகமெங்கும் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் மட்டும் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள்.

குடும்பங்கள் நீதிமன்றம் போயின. முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் மனுத் தாக்கல் செய்தார்கள். 2020 டிசம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. 10-ஆவது உறுப்புரை அன்றைக்கும் புத்தகத்தில் அப்படியே இருந்தது, நடுவர் அவர்களே. ஒரு கமா கூட மாறவில்லை.

சில நாட்களில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறினால் மன்னியுங்கள். எத்தனை முறை வாசித்தும் எனக்கு இது பழகவில்லை. அதற்குப் பிறகு கொழும்பு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கபன் துணியின் வெள்ளை. முஸ்லிம்கள் மட்டுமா கட்டினார்கள்? சிங்களவர் கட்டினார்கள், தமிழர் கட்டினார்கள், கிறிஸ்தவப் பாதிரியார்களும் வந்து நின்றார்கள். இரவோடிரவாக அந்தத் துணிகள் அகற்றப்பட்டன. மறுபடியும் கட்டினார்கள்.

2021 பிப்ரவரி கடைசியில்தான் அரசு இறங்கி வந்தது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. அதுவும் எப்படி? தொடக்கத்தில் நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அந்த ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. சொந்த ஊர் மையவாடியில், அதாவது முஸ்லிம் அடக்கத்தலத்தில், பெற்றோர் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள், அவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும்கூட உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2019-இலும் 2020-இலும் 2021-இலும் எழுத்து ஒன்றே. உரிமை போனதும் திரும்பி வந்ததும் அரசு நடந்துகொண்ட விதத்தில். அப்படியானால் அந்த அரசு மதித்ததா இல்லையா என்பதை எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேரளத்து வழக்கை எடுத்தார். நல்ல வழக்கு, எனக்கும் பிடித்த வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பள்ளிப் பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. தங்கள் நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. "பார்த்தீர்களா, மதச் சுதந்திரம் தரும் இந்திய அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவின் எழுத்து காப்பாற்றியது" என்றார் பேச்சாளர்.

நான் கேட்பது இதைத்தான். அந்தப் பிள்ளைகளை நீக்கச் சொன்ன சட்டம் எது? எதுவுமே இல்லை. கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதைத்தான் நீதிமன்றமும் கண்டது. அவர்கள் பாடாமல் நின்றதைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சபையில் கேள்வி எழுந்தது, ஒரு குழு விசாரித்தது. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று அந்தக் குழுவே சொன்னது. அப்புறமும் அவர்களை நீக்கக் கல்வித்துறை அதிகாரியின் உத்தரவு போதுமானதாக இருந்தது. வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் வழக்குக்குப் போனார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்ட பிறகு டெல்லி வரை போனார்கள். 25-ஆவது பிரிவு 1950-இலிருந்தே இருக்கிறது. அந்த ஒரு வருடம் அது யார் மேசையில் இருந்தது?

தீர்ப்பின் கடைசி வரியையும் பேச்சாளர் சொன்னார். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்: நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசியல் சட்டம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடாதிருப்போம். அரசியல் சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது "எழுதி வைத்திருக்கிறது" என்று அவர் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. கடைப்பிடிக்கிறது என்றார். அது எங்கள் அணியின் சொல்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பாருங்கள். இங்கிலாந்தில் அரசுக்கென்று ஒரு திருச்சபை இருக்கிறது, அதன் தலைமை ஆளுநர் அந்நாட்டு மன்னர். ஒரே ஏடாகத் தொகுத்து எழுதிய அரசியலமைப்பு கிடையாது. ஆனால் தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று 1976-இலேயே விலக்குத் தந்தார்கள். ஸ்டாலினின் 1936 சோவியத் அரசியலமைப்போ வழிபாட்டுச் சுதந்திரத்தை எழுத்தில் தந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கான பாதிரியார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

"நடத்தையை எதை வைத்து அளப்பீர்கள், எழுத்தை வைத்துத்தானே?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். இன்றைய கேள்விகளில் கூர்மையானது அதுதான். ஆமாம், எழுத்து அளவுகோல். எனக்கும் அது வேண்டும், இன்னும் திருத்தமாக வேண்டும். ஆனால் முழக்கோல் கையில் இருப்பதால் இடுப்பில் வேட்டி இருப்பதாக ஆகிவிடாது. அரசு மதிக்கிறதா என்று கேட்டால் துணியைத்தான் காட்ட வேண்டும்.

கனத்தை மயான வேலியில் துணி கட்டிய ஒருவரைச் சாட்சியாக இந்த மேடைக்கு அழைக்க முடிந்தால், நான் பேசியதை எல்லாம் விட்டுவிட்டு அவரையே கேளுங்கள். உன் நாட்டு அரசு உன் மதத்தை மதித்ததா? அவர் 10-ஆவது உறுப்புரையை வாசித்துக் காட்டுவாரா, அந்த டிசம்பரில் நடந்ததைச் சொல்வாரா? அதைக் கொண்டு தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.