குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருக்கிறது, தாய்ப்பால் மட்டும் போதுமா?

[திரையில்: எடை பார்க்கும் கருவியில் ஒரு பச்சிளங்குழந்தை. எண் 4.2 என்று நிற்கிறது.]

வணக்கம். குழந்தை பிறந்ததும் எடை பார்க்கிறார்கள், 4 கிலோ 200 கிராம். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மறுநாள் ராத்திரி குழந்தை மார்பை விட்டு எடுத்தாலே அழுகிறது, உடனே பக்கத்தில் இருக்கும் யாராவது, "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு உன் பால் எப்படிப் பத்தும், பவுடர் பால் கொடு" என்று சொல்லிவிடுகிறார்கள். உடம்பெல்லாம் வலியோடு தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு பேச்சே போதும், தன் பால் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். அவளுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் பதில். பெரும்பாலான பெரிய குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரிய குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பிறந்த முதல் ஓரிரு நாளில் சில பெரிய குழந்தைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் ரத்தச் சர்க்கரை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

[திரையில்: ஒரு ஸ்பூனில் மஞ்சள் நிறச் சீம்பால்]

முதல் நாள் ஒரு வேளைக்கு வருகிற சீம்பால் சுமார் 2 முதல் 10 மில்லிதான். பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். பிறந்த அன்று குழந்தைக்குத் தேவையும் அவ்வளவுதான், குழந்தை பெரியது என்பதற்காக முதல் நாளே 60 மில்லி கேட்காது. பால் பெருகி வர 2 முதல் 4 நாள் ஆகும். அதுவரை குழந்தை அடிக்கடி மார்பைத் தேடும், முக்கியமாக இரண்டாவது ராத்திரி. அது பால் இல்லை என்பதன் அடையாளம் அல்ல, அந்தச் சப்புதலில்தான் பால் பெருகவே ஆரம்பிக்கிறது. எவ்வளவு பால் வெளியே போகிறதோ அதைப் பார்த்துத்தான் உடம்பு அடுத்த வேளைக்குச் சுரக்கிறது. இரட்டைக் குழந்தைகளுக்கு முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்களே, அது இப்படித்தான் முடிகிறது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுப்பது சாதாரணம். இடையில் பவுடர் பால் புகுந்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும், அப்புறம் "பால் பத்தவில்லை" என்பது நிஜமாகவே நடந்துவிடும்.

இன்னொரு விஷயம் எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது. ஒரு மாதத்திலிருந்து 6 மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குக் குடிப்பது சராசரியாக 750 முதல் 800 மில்லி. எடை எவ்வளவோ கூடியும் பாலின் அளவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை, ஏனென்றால் வளரும் வேகம் மாதாமாதம் குறைகிறது. அதனால் எடை இரண்டு மடங்கானால் பாலும் இரண்டு மடங்கு வேண்டும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

[திரையில்: தாயிடமிருந்து குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகச் சர்க்கரை போகும் வரைபடம்]

சரி, ரத்தச் சர்க்கரைக்கு வருவோம். கர்ப்பத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை அதிகமாக இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், ஆனால் அம்மாவின் இன்சுலின் போகாது. குழந்தை தன் கணையத்திலிருந்தே அதிக இன்சுலின் சுரக்கப் பழகிவிடுகிறது, அதில் கொழுப்பு சேர்ந்து எடையும் ஏறுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வருவது சட்டென்று நின்றுவிடும், இன்சுலின் மட்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல்கூட இறங்கலாம், அதனால்தான் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இல்லாத அம்மாவின் பெரிய குழந்தைக்கும் இந்தச் சோதனை செய்வது உண்டு, பயப்படாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுப்பது, தோலோடு தோல் ஒட்டி அணைத்து வைத்திருப்பது, 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் கொடுப்பது, இவை எல்லாம் உதவும். அப்படியும் சர்க்கரை குறைந்தால் கையால் பிழிந்த சீம்பால், கன்னத்தின் உள்பக்கம் தடவும் குளுக்கோஸ் ஜெல், தேவைப்பட்டால் தானப்பாலோ (வேறு அம்மாக்கள் தானமாகக் கொடுத்த பால்) பவுடர் பாலோ, குளுக்கோஸ் ட்ரிப்போ தருவார்கள். மருத்துவர் அப்படிச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். அது அந்த நேரத்துக்கான மருந்து. ஜெல்லோ ட்ரிப்போ ஓடும்போதும் தாய்ப்பால் கொடுப்பதைத் தொடரலாம், நேராகக் குடிக்க முடியாவிட்டால் பிழிந்து கொடுக்கலாம்.

அப்படியானால் பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. டயபரைப் பாருங்கள். முதல் நாள் குறைந்தது ஒரு தடவை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஏறி 5, 6 நாளுக்குப் பிறகு தினமும் 6 அல்லது அதற்கு மேல். மலம் கறுப்பிலிருந்து பச்சை கலந்து, சுமார் 5 நாளில் மஞ்சளாக மாற வேண்டும்.

எடையைக் கிராமில் பார்த்துப் பதறாதீர்கள், சதவீதமாகப் பாருங்கள். 4 கிலோ 200 கிராம் குழந்தை 250 கிராம் இறங்கினால் அது 6 சதவீதம்தான், முதல் நாட்களில் இது இயல்பு. அதே 250 கிராம் இரண்டரைக் கிலோக் குழந்தைக்கு 10 சதவீதம், அங்கே கவலைப்பட வேண்டும். பிரசவ நேரத்தில் அம்மாவுக்கு நிறைய ட்ரிப் ஏற்றியிருந்தால் குழந்தையின் பிறந்த எடையில் கொஞ்சம் நீரும் சேர்ந்திருக்கும், அது சிறுநீராகப் போவதும் எடை குறைவாகத்தான் தெரியும். பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிடும், அப்புறம் ஒரு நாளைக்கு 20, 30 கிராம் ஏறும். சில பெரிய குழந்தைகள் முதல் மாதங்களில் வளர்ச்சி அட்டையில் கொஞ்சம் கீழ்க்கோட்டுக்கு வருவார்கள், வயிற்றுக்குள் கிடைத்த கூடுதல் சர்க்கரை இப்போது இல்லை அல்லவா.

நிஜமாகவே பால் குறைகிற சந்தர்ப்பங்களும் உண்டு. சிசேரியன், சர்க்கரை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, இவற்றால் பால் பெருகுவது தள்ளிப்போகலாம். தைராய்டு, முன்பு செய்த மார்பக அறுவைச் சிகிச்சை, இவற்றாலும் குறையலாம். ஆனால் அதிகம் பார்ப்பது வாய் சரியாகப் பிடிக்காத பிரச்சினை. காம்பை மட்டும் சப்பினால் அம்மாவுக்கு வலிக்கும், குழந்தைக்குப் பாலும் கிடைக்காது. இதை ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

[திரையில்: பெரிய எழுத்தில், உடனே மருத்துவரிடம்]

எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, துவண்டு கிடப்பது, கை கால் நடுங்குவது, குடிக்கவே மறுப்பது, மஞ்சள் நிறம் கால் வரை இறங்குவது, முதல் சில நாட்களுக்குப் பிறகும் சிறுநீர் மிகக் குறைவாகப் போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரி எந்நேரமானாலும் கிளம்பிவிடுங்கள்.