நாப்போலியின் அடையாளம் ஊர் மக்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கால்பந்துக் கழகம் நாப்போலி. அதற்கு அடையாளம் அர்ஜென்டினா வீரர் மாரடோனாவா, நேப்பிள்ஸ் மக்களா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். மாரடோனா வரும்வரை ஒரு லீக் பட்டம்கூடக் கிடையாது. அவர் இருந்தபோது ஐந்து கோப்பை. இன்று அரங்கத்துக்கே அவர் பெயர். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கூட்டிவந்த மூன்று சாட்சியும் எங்கள் பக்கம் பேசுகிற சாட்சி!

பட்டம் இல்லாத கதையை எடுத்துக்கொள்வோம். கழகம் தொடங்கியது 1926-ல். முதல் பருவத்தில் 18 ஆட்டம். ஒன்று டிரா, மீதி 17-உம் தோல்வி. அப்போது சின்னம் குதிரை. ஆட்டத்தைப் பார்த்த ரசிகர்களோ, "இது குதிரையா? சீக்குப் பிடித்த கழுதை" என்று கேலி செய்தார்கள். கடைசியில் அந்தக் கழுதையே கழகத்தின் சின்னமாக நிலைத்துவிட்டது. அடையாளம் ஜெயித்த பிறகுதான் வரும் என்றால், இந்தக் கழுதை எங்கிருந்து வந்தது ஐயா? மாரடோனா அப்போது பிறக்கவே இல்லை.

அடுத்து அரங்கத்தின் பெயர். 2020-ல் மாரடோனா இறந்தார், சில நாட்களிலேயே சான் பாவ்லோ அரங்கத்துக்கு அவர் பெயர் வந்தது. சரி. 1930-ல் என்ன நடந்தது? கழகத்தின் முதல் தலைவர் ஜோர்ஜோ அஸ்கரெல்லி, யூதத் தொழிலதிபர், தன் காசில் ஓர் அரங்கம் கட்டித் திறந்தார். திறந்த சில வாரங்களில் இறந்துபோனார். அந்த அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பிறகு முசோலினி ஆட்சி அந்தப் பெயரை எடுத்துவிட்டது, அது வேறு சோகம். தனக்கு நல்லது செய்தவர் பெயரை அரங்கத்துக்கு வைப்பது அந்த ஊருக்குப் பழைய பழக்கம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

1984 ஜூலை 5. மாரடோனா அரங்கத்துக்குள் வருகிறார். நாப்போலிக்காக இன்னும் ஒரு பந்துகூட உதைக்கவில்லை, அதற்குள் சுமார் 70,000 பேர்! மிலான், டூரின், ரோம் எல்லாம் இரண்டு பெரிய கழகங்களாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள். நேப்பிள்ஸுக்கு ஒன்றே ஒன்று. வடக்கு இத்தாலி அரங்கங்களில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்து எரிமலையைக் கூப்பிட்டு "வெசூவியஸ் எரிமலையே, இவர்களை நெருப்பால் கழுவு" என்று பாட்டுக் கட்டி இழிவுபடுத்தப்பட்ட ஊர் அது. புவனோஸ் ஐரிஸின் குடிசைப் பகுதியில் வளர்ந்த ஒருவரைப் பார்த்ததும், இவன் நம்ம ஆள் என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த வேகத்தில்தான் அவரும் ஆடினார். எதிரணி விளைவைக் காரணமாக்கிப் பேசுகிறது.

1987-ல் முதல் பட்டம், 61 ஆண்டுக்குப் பிறகு. அப்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரில் யாரோ எழுதினார்கள்: "நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது." கொண்டாட்டத்துக்கு நடுவில், காத்திருந்து செத்துப்போன ரசிகர்களிடம் போய்ச் செய்தி சொல்கிறான் ஒருவன்! அவர்களையும் சேர்த்துத்தான் கழகம் என்று நினைத்தவன் அவன்.

இப்போது எதிரணி தொடவே தொடாத ஆண்டுக்கு வருகிறேன். 1991-ல் மாரடோனா கழகத்தை விட்டுப் போய்விட்டார். 1998-ல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2004-ல் கழகம் திவால். பெயர்கூட மிஞ்சவில்லை. திரைப்படத் தயாரிப்பாளர் அவுரேலியோ டி லாரன்டீஸ் வாங்கி, 'நாப்போலி சாக்கர்' என்ற பெயரில் மூன்றாம் பிரிவில் இறக்கினார். நட்சத்திரம் இல்லை, கோப்பை இல்லை, பழைய பெயரும் இல்லை. எதிரில் ஆடியவை சின்னச் சின்ன ஊர் அணிகள். முதல் ஆண்டு மேலே ஏறவும் முடியவில்லை. பக்கத்து ஊர் அவெல்லினோவிடம் தோற்றார்கள். அந்த மூன்றாம் பிரிவில், ஒரே ஆட்டத்துக்கு 50,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பிரிவுக் கழகங்கள் பலவற்றுக்கே அந்தக் கூட்டம் வராது. 2006-ல் பழைய பெயர் திரும்பியது, 2007-ல் முதல் பிரிவு, 2023-லும் 2025-லும் பட்டம்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி: அந்த 50,000 பேர் அன்றைக்கு யாரைப் பார்க்க டிக்கெட் வாங்கினார்கள்? பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசட்டும்.