வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலையும் நகரத் திட்டமிடலும் சமூக நீதிக்கு எவ்வாறு துணை நிற்க முடியும் என்பது குறித்துப் பேசுமாறு நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பொருள் பெரிது என்பதால் சென்னையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும், குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்ற ஒரே கேள்வியோடு நின்றுகொள்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் குடியிருந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அம்மா காலையில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பி விடுவார். அப்பா சந்தையில் சுமை தூக்குவார்; பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போவார்கள். அந்தக் குடும்பத்துக்கு நகரின் தெற்கு ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்தில், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், கான்கிரீட் கூரையும் உள்ளேயே கழிப்பறையும் கொண்ட வீடு ஒதுக்கப்படுகிறது. பழைய இடத்திலிருந்து புதிய வீடு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மூன்று வீட்டு வேலைக்காக நாள்தோறும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி பயணம் செய்ய யாராலும் இயலாது. ஆகவே அம்மாவின் வருமானம் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது பெரிய உதவிதான். ஆனால் அது பணத்தை மிச்சப்படுத்தியதே தவிர, அந்த நான்கு மணி நேரத்தைத் திருப்பித் தரவில்லை.

குடிசைப் பகுதியின் சந்து வெறும் வழியாக இருந்ததில்லை என்பதைக் கட்டடக்கலைஞர்களாகிய நாங்கள் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டோம். வாசலில் அடுப்பு வைத்து இட்லி சுட்டு விற்கலாம். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பூக் கட்டலாம். தள்ளுவண்டியைச் சுவரோரமாக நிறுத்திச் சங்கிலி போட்டுப் பூட்டலாம். எதிர்வீட்டுப் பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்வார். ஏழாவது மாடிக்குத் தள்ளுவண்டி ஏறாது. லிஃப்ட் பழுதானால் அந்தப் பாட்டியும் கீழே இறங்க மாட்டார். வீட்டின் சதுர அடியை அளந்து வரைபடம் போட்டவர்கள் சந்தின் சதுர அடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொழில் நடந்த இடம் அந்தக் கணக்கில்தான் காணாமற் போனது.

இந்த நகரத்துக்கு வேறு வழி தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகத்தோடு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டமும் வந்தது. அக்காலத்தில் வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகிலேயே, மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. அவற்றில் குறைகள் பல இருந்தன: வீடுகள் சிறியவை, பராமரிப்பு மோசம். ஆனாலும் மெரினாவை ஒட்டிய குப்பங்களில் மீனவர் கடலைவிட்டுப் போகவில்லை.

பிறகு 1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு மனைகள் பிரிக்கப்பட்டன. சிறு மனைகள் ஏழைகளுக்கு, பெரிய மனைகள் வசதியுள்ளோருக்கு. பெரியவற்றின் விலையில் கிடைத்த ஆதாயம் சிறியவற்றின் விலையைத் தாங்கியது. வீட்டை அவரவர் கைக்கேற்றபடி மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால், எது ஏழைக்கு ஒதுக்கிய மனை என்று தெரியாத அளவுக்கு அவை சாதாரணமான சென்னைத் தெருக்களாகிவிட்டன. என் மதிப்பீட்டில், இந்த நகரம் வீட்டுவசதியில் செய்த மிக நல்ல காரியம் அதுதான். அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

திசை மாறியது 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான். நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது. ஆற்றோரங்களைச் சீரமைக்கும் திட்டங்களும் மேம்பாலங்களும் சாலை விரிவாக்கங்களும் வந்தன. துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன; அவற்றில் தொடக்ககால வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக் குடியிருப்பு வந்தது. கடலை நம்பிப் பிழைப்பு நடத்தியவர்களில் சிலர் அங்கே கடல் கண்ணுக்குத் தெரியாத வீடுகளைப் பெற்றார்கள். பிறகு மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்ட நிதியில் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின், பாதுகாப்புக் கருதி, அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்தவர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் இருப்பவை. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது என்பதை வெள்ளச் செய்திகளில் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

இனி, சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இப்படி மாற்றப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினர். நம் கிராமங்களில் ஊர் ஓரிடத்திலும் சேரி ஓரிடத்திலுமாக வரைந்து வைத்திருந்த பழைய வரைபடத்தை, அதை அழிப்பதாகச் சொன்ன நகரம், தன் ஓரத்தில் பெரிய அளவில் மறுபடியும் வரைந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் கண்ணகி நகர் என்ற முகவரியை மறைத்து உறவினர் வீட்டு முகவரியை எழுதுவது அங்கே எல்லாரும் அறிந்த செய்தி. சுவர்களுக்கு அழகிய ஓவியங்கள் தீட்டிப் பார்த்தார்கள். ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. விண்ணப்பத்தில் எழுதவேண்டிய முகவரி மட்டும் மாறவில்லை.

இதே தமிழ்நாட்டில்தான் 1997-இல் சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பில் நாற்பது ஆதிதிராவிடருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து ஏனையோருக்கு என்பது விதி. அதன் நடைமுறையில் குறை சொல்வோர் உண்டு. ஆனால் யாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதும் திட்டமிடுபவர் தீர்மானிக்கும் விஷயம் என்று அந்த விதி ஒப்புக்கொண்டது. கிராமத்தில் நூறு வீடுகளுக்கு இவ்வளவு நுணுக்கமாக விகிதம் வகுக்கத் தெரிந்த ஓர் அரசமைப்பு, நகரத்தில் ஒரே நிலையில் உள்ள இருபதாயிரம் குடும்பங்களை ஓரிடத்தில் குவித்ததை எப்படி விளங்கிக்கொள்வது?

நிலம் விலை அதிகம் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. சிலி நாட்டில் இக்கீக்கே என்ற துறைமுக நகரிலும் இதே சிக்கல் எழுந்தது. நகரத்தின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் நெருக்கி வாழ்ந்த ஏறத்தாழ நூறு குடும்பங்களை வெளியேற்றாமல், வழக்கமான அரசு வீட்டுத் திட்டத்துக்குக் கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள அதே நிலத்தில், கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004-இல் வீடு கட்டிக்கொடுத்தது. மானியத் தொகை போதவில்லை. அதனால் அடுக்களை, குளியலறை, படிக்கட்டு, உறுதியான சுவர் என்று ஒரு குடும்பம் தானே கட்டிக்கொள்ளக் கடினமான பாதியை மட்டும் கட்டி, மறுபாதியை வெற்றிடமாக விட்டார்கள். குடும்பங்கள் அதைப் பின்னர் நிரப்பிக்கொண்டன. பணத்தை இடத்துக்குக் கொடுத்து, கட்டடத்தில் மிச்சம் பிடித்தார்கள். நாம் கட்டடத்தை முழுதாகக் கட்டி, இடத்தில் மிச்சம் பிடித்தோம்.

சட்டத்தின் வாயிலாகவும் ஒரு வழி இருந்தது. சென்னைப் பெருநகரத் திட்ட விதிகளில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்கவேண்டும் என்று இருந்தது. பிற்பாடு அதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம் என்ற ஏற்பாடு வந்தது. அந்தப் பணத்தில் வீடு கட்டலாம்தான். ஆனால் விலை மலிந்த நிலத்தில்தானே கட்டுவார்கள், அந்த நிலம் எங்கே இருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று 1985-இலேயே கூறிவிட்டது. அப்படியானால், ஒதுக்கீட்டு ஆணையில் வீட்டு எண்ணோடு, பழைய வேலையிடத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள பயண நேரத்தையும் எழுதவேண்டும் என்றும், அது ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த ஒதுக்கீடே செல்லாது என்றும் விதி செய்தால் என்ன?

இப்போது மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பாதைகள் துரைப்பாக்கம் வழியாகவும் பெரும்பாக்கம் வழியாகவும் அமைக்கப்பட்டு வருகின்றன. நிலையங்கள் திறந்ததும் தூரம் சுருங்கும். கூடவே சுற்றுப்புற நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும். நகரத்துக்கு வெளியே என்று தள்ளிவிடப்பட்ட இடம் நகரத்துக்கு நடுவே வந்து சேரும். கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே வைத்துக்கொண்டு, விற்பனைப் பத்திரத்துக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். முதல் இரயில் ஓடுவதற்குள் அந்தப் பத்திரங்கள் அவர்கள் பெயரில், குறிப்பாக வீட்டுப் பெண்களின் பெயரில், பதிவாகிவிட வேண்டும்.

வணக்கம்.