இதயத்தின் பொறி எங்கிருந்து கிளம்புகிறது?

வணக்கம். கேட்டுக்கொண்டே மூன்று விரலை மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வைத்துப் பாருங்கள். நாடி ஒரே சீராக வருகிறதா? இரண்டு வேகமாக, அப்புறம் ஒன்று தள்ளி, ஒன்று விட்டுப்போய் என எந்தக் கணக்கிலும் அடங்காமல் வந்தால், ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் கோளாறு அது. சிலருக்குப் படபடப்பு இருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான் தெரியவரும்.

இந்த நடுக்கத்தை யார் தொடங்கிவைக்கிறார்கள்? இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. மேலறை முழுவதுமே குற்றவாளி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 1987இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து, மேலறையைப் பல இடங்களில் வெட்டித் தைத்து, மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடாமல் தடுத்தார். பலன் கிடைத்தது, ஆனால் எவ்வளவு பெரிய ஆபரேஷன்! அப்புறம் பிரான்ஸில், போர்தோ நகரில், மிஷேல் ஹைசகேரும் அவருடைய குழுவினரும் இதயத்துக்குள் மெல்லிய கம்பிகளை வைத்துவிட்டு, நடுக்கம் தொடங்கும் நொடியில் முதல் பொறி எந்தக் கம்பியில் விழுகிறது என்று பார்த்தார்கள். 1998இல் வெளியிட்டார்கள்: 45 நோயாளிகள், பொறி கிளம்பிய இடங்கள் 69. அதில் 65 இடங்கள் மேலறையிலேயே இல்லை! நுரையீரலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகளுக்குள், இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தன. கேட்கிறீர்களா, 69இல் 65! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கதீட்டர் அப்ளேஷன் என்ற குழாய்வழிச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான். தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, இதயத்தின் நடுச்சுவரில் சிறு துளையிட்டு இடது மேலறைக்குப் போகிறோம். நுரையீரலிலிருந்து வரும் அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சூடு வைப்போம், அல்லது பலூனால் உறையவைப்போம், இப்போது மின்துடிப்பு கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. வயலைச் சுற்றி வரப்பு போட்ட மாதிரி அங்கே தழும்பு நின்றுவிடும், உள்ளே பொறி கிளம்பினாலும் வெளியே வராது. "ஸ்டென்ட் வைப்பீர்களா டாக்டர்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை, அது ரத்தக்குழாய் அடைப்புக்கு. இது மின்சாரக் கோளாறுக்கு, வேறு வேலை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்கள் படபடப்பு மறுபடி வரலாம், அதை வைத்துத் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். முக்கியமானது, துடிப்பு சீரானதும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்! வயது, பிரஷர், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அதை நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். உடல் எடை, குறட்டை, மது பற்றியும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன், மூன்றுமே இந்த நடுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வணக்கம்.